கையும் வேண்டும், காகிதமும் வேண்டும்

பத்தாம் வகுப்புத் தேர்வு முடிவு வந்துவிட்டால் என் போனுக்கு ஒரே மாதிரி அழைப்புகள் வர ஆரம்பித்துவிடும். "அண்ணே, பையன் கரண்ட் வேலை கத்துக்கணும்னு நிக்கிறான். ஐ.டி.ஐ.ல சேர்த்துவிடவா, இல்ல பேசாம உங்ககூடவே அனுப்பிவிடவா?" கேட்பவர் சொந்தக்காரராக இருப்பார், இல்லையென்றால் எப்போதோ வயரிங் செய்து கொடுத்த வீட்டுக்காரராக இருப்பார். குரலில் ஒரு தயக்கம் ஒட்டிக்கொண்டிருக்கும். படிப்பு ஏறாத பிள்ளைக்கு மிச்சமிருக்கும் வழி இதுதான் என்பதுபோல.

அந்தத் தயக்கத்தை முதலில் எடுத்துப் போட்டுவிடலாம். சுவருக்குள் வயர் இழுத்தவனை நம்பித்தான் ஒரு குடும்பம் அந்த வீட்டில் தூங்குகிறது. மின்சாரம் தாக்கி நம் நாட்டில் ஆண்டுக்குப் பத்தாயிரம் பேருக்கு மேல் சாகிறார்கள் என்று தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் சமீப ஆண்டுக் கணக்குகள் சொல்கின்றன. படிப்பு வராதவனிடம் தள்ளிவிடுகிற வேலையா இது? நன்றாகப் படித்துவிட்டுச் செய்யவேண்டிய வேலை.

போனில் ஆளாளுக்குச் சொல்வதை இங்கே ஒரே இடத்தில் எழுதிவைக்கிறேன். சுருக்கமாகச் சொன்னால் இவ்வளவுதான்: எலக்ட்ரீஷியன் ஆகத் தமிழ்நாட்டில் வழிகள் பல உண்டு, ஆனால் எந்த ஒரு வழியும் தன்னால் முழு ஆளை உருவாக்கிவிடுவதில்லை. ஒரு வழியில் போனால் காகிதம் வரும், கை பழகியிருக்காது. இன்னொரு வழியில் கை பழகிவிடும், காகிதம் வராது. நம் வழியில் விட்டுப்போகும் பாதி எது என்று தெரிந்துகொண்டு, அதைத் தேடிப்போய் வாங்கிக்கொள்பவன்தான் இந்தத் தொழிலில் நிற்கிறான்.

ஐ.டி.ஐ. தருவதும் தராததும்

பத்தாவது முடித்த பிள்ளைக்கு என் முதல் பதில் ஐ.டி.ஐ.தான். 1950-இல் மத்திய அரசு கொண்டுவந்த கைவினைஞர் பயிற்சித் திட்டத்தின் கீழ் நடப்பவை இவை. எலக்ட்ரீஷியன் டிரேடு இரண்டு ஆண்டு. பத்தாம் வகுப்பு தேர்ச்சி வேண்டும். எட்டாவதோடு நின்றவர்களுக்கு வயர்மேன் டிரேடு இருக்கிறது, அதுவும் இரண்டு ஆண்டுதான். அரசு ஐ.டி.ஐ.க்களில் பயிற்சிக் கட்டணம் கிடையாது. மாதம் 750 ரூபாய் உதவித்தொகையும் பஸ் பாஸும் உண்டு. அரசுப் பள்ளியில் படித்து வந்த பெண்களுக்குப் புதுமைப் பெண் திட்டத்திலும், பையன்களுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டத்திலும் மாதம் 1,000 ரூபாய் வருகிறது. ஆண்டுதோறும் கோடையில் வேலைவாய்ப்பு மற்றும் பயிற்சித் துறை ஆன்லைனில் விண்ணப்பம் வாங்கும். எலக்ட்ரீஷியனும் ஃபிட்டரும் பலரும் விரும்பிக் கேட்கிற டிரேடுகள். அதனால், "மார்க் இல்லைன்னாதானே ஐ.டி.ஐ." என்று நினைத்துக் கடைசி நாள்வரை காத்திருக்க வேண்டாம்.

உள்ளே என்ன சொல்லிக்கொடுக்கிறார்கள்? முதலில் ரம்பம், அரம், சுத்தியல். அதோடு முதலுதவி. ஷாக் அடித்தவனை எப்படி வயரிலிருந்து பிரிப்பது, மூச்சு நின்றவனுக்கு எப்படி நெஞ்சை அமுக்குவது என்று கையால் செய்து காட்டச் சொல்வார்கள். பிறகு வயர் ஜாயின்ட் வகைகள், சால்டரிங், ஓம் விதி, மெக்கர் பிடிப்பது, எர்த் குழி போடுவது. மாடிப்படி வயரிங், குடோன் வயரிங், ஹாஸ்டல் வயரிங் என்று பலகையில் அடித்துக் காட்ட வேண்டும். அப்புறம் டிரான்ஸ்ஃபார்மர், டி.சி. மெஷின், இண்டக்ஷன் மோட்டார், டி.ஓ.எல். ஸ்டார்டர், ஸ்டார்-டெல்டா ஸ்டார்டர், காயில் கட்டுவது, கன்ட்ரோல் பேனல், சோலார். இதோடு கணக்கும் வரைபடமும் உண்டு. கடைசியில் அகில இந்தியத் தேர்வு எழுதித் தேறினால் என்.டி.சி. எனப்படும் தேசியத் தொழிற்சான்று கையில் வரும். இந்தியா முழுக்கச் செல்லும் சான்று அது.

ஐ.டி.ஐ.யின் பெரிய கொடை 'ஏன்' என்ற கேள்விக்குப் பதில். சுவிட்சை ஏன் ஃபேஸில் போடுகிறோம், நியூட்ரலில் ஏன் போடக்கூடாது? ஏ.சி.க்கு ஏன் 4 ஸ்கொயர் வயர், லைட்டுக்கு ஏன் 1.5 போதும்? பெரிய மோட்டாரை ஏன் நேரடியாக ஸ்டார்ட் பண்ணக்கூடாது? இதையெல்லாம் உட்கார்ந்து யோசிக்க இரண்டு ஆண்டு அவகாசம் வாழ்க்கையில் பிறகு ஒருபோதும் கிடைக்காது.

விட்டுப்போவது கை. ஒரு மோட்டாரைச் சுற்றி இருபது பேர் நிற்கும்போது ஒருவனுக்கு எத்தனை தடவைதான் கழற்றி மாட்டக் கிடைக்கும்? பலகையில் ஓடும் வயரிங் வேறு. காடி வெட்டி, பைப் பதித்து, வளைவில் சிக்கிக்கொண்ட ஸ்பிரிங்கோடு மல்லுக்கட்டி இழுக்கிற வயரிங் வேறு. ஸ்டார்-டெல்டா வரைபடத்தைக் கண்ணை மூடிக்கொண்டு போடத் தெரிந்த பையன், தோட்டத்தில் போர் மோட்டார் ஸ்டார்டர் நிற்காமல் டிரிப் ஆகும்போது எங்கே தொடங்குவது என்று தெரியாமல் திகைப்பதைப் பார்த்திருக்கிறேன். மூன்று ஃபேஸும் வருகிறதா, வோல்டேஜ் இறங்கியிருக்கிறதா, தண்ணீர் வற்றிவிட்டதா, ரிலே செட்டிங் சரியா, கேபிள் ஜாயின்ட்டில் தண்ணீர் ஏறியிருக்கிறதா என்று வரிசையாகக் கழித்துக்கொண்டே போகும் பழக்கம் சைட்டில்தான் வரும். அந்தப் பையனிடம் குறை ஒன்றும் இல்லை. அவனுக்கு இன்னும் ஓர் ஆண்டு தேவை.

அந்த ஓர் ஆண்டுதான் அப்ரென்டிஸ்

ஐ.டி.ஐ. முடித்ததும் பலர் கிடைத்த வேலையில் போய் உட்கார்ந்துவிடுகிறார்கள். 1961-ஆம் ஆண்டின் தொழிற்பழகுநர் சட்டம் இவர்களுக்காகவே ஒரு வாசலைத் திறந்துவைத்திருக்கிறது. பெரிய நிறுவனங்கள் உதவித்தொகை கொடுத்துப் பழகுநர்களைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். பெரம்பூர் ஐ.சி.எஃப்., திருச்சி பொன்மலை ரயில்வே பணிமனை, திருச்சி பெல், நெய்வேலி என்.எல்.சி. போன்ற இடங்களில் ஐ.டி.ஐ. முடித்தவர்களுக்கு அறிவிப்பு வந்துகொண்டே இருக்கிறது. எலக்ட்ரீஷியனுக்குப் பெரும்பாலும் ஓர் ஆண்டு. முடிவில் தேர்வு எழுதித் தேறினால் தேசியத் தொழிற்பழகுநர் சான்று.

"அந்தக் காசு பஸ்ஸுக்கும் டீக்கும்கூடப் பத்தாதுண்ணே" என்று பையன்கள் சொல்வார்கள். வீட்டு நிலைமை தெரியாமல் நான் பேசவில்லை. முடிந்தவர்கள் அந்த ஓர் ஆண்டைத் தாக்குப்பிடித்துவிடுங்கள். பர்மிட் வாங்காமல் பேனலைத் தொடக்கூடாது, வேலை நடக்கும் மெயினுக்குப் பூட்டுப் போட்டுச் சாவியைத் தன் பையிலேயே வைத்துக்கொள்ள வேண்டும், ஒருவன் வேலை செய்யும்போது இன்னொருவன் நின்று பார்க்க வேண்டும் என்ற ஒழுங்கெல்லாம் பெரிய தொழிற்சாலைகளில் உடம்பில் ஏறிவிடும். வீட்டு வயரிங் மட்டுமே பார்த்தவனுக்கு அந்த ஒழுங்கு கிடைப்பது கடினம்.

கூடவே போய்க் கற்றவர்கள்

இப்போது இரண்டாவது கேள்வி. "உங்ககூடவே அனுப்பிவிடவா?"

பதினைந்து, பதினாறு வயதுப் பையனை நான் சைட்டுக்குக் கூட்டிப் போவதில்லை. மற்றவர்களையும் கூட்டிப் போகாதீர்கள் என்றுதான் கேட்டுக்கொள்வேன். சாரத்தில் ஏறுவதும், டிரில்லிங் மெஷின் பிடிப்பதும், ஓடுகிற லைனுக்குப் பக்கத்தில் நிற்பதும் அந்த வயதுக்கான வேலை அல்ல. அவனுக்கு ஐ.டி.ஐ.தான் சரி.

ஆனால் இந்தத் தொழிலில் இன்று இருப்பவர்களில் பெரும்பகுதி ஹெல்ப்பராக வந்தவர்கள்தான். மாமாவோடு, பக்கத்து வீட்டு அண்ணனோடு போய், பெட்டி தூக்கி, காடி வெட்டி, வயர் இழுத்து, பிறகு சுவிட்ச் போர்டு மாட்டி, கடைசியில் டி.பி. டிரஸ்ஸிங் வரை வந்தவர்கள். கைவேலை அவ்வளவு சுத்தமாக இருக்கும். ஸ்லாப் போடுவதற்கு முந்தின நாள் கம்பிக்குள் புகுந்து எந்த ரூமுக்கு எந்தப் பைப் என்று மனக்கணக்கிலேயே ஓட்டிவிடுவார்கள். ஒரு வீட்டைச் சுற்றிப் பார்த்து இத்தனை பாயின்ட், இத்தனை காயில் வயர் என்று சொல்லிவிடுவார்கள். நான் மிகவும் மதிக்கும் கைகள் அவை.

இவர்களுக்கு விட்டுப்போவது இரண்டு. ஒன்று அந்த 'ஏன்'. இன்னொன்று காகிதம்.

காகிதத்துக்கு வழி இருக்கிறது என்பதே பலருக்குத் தெரியாது என்பதுதான் எனக்கு ஆற்றாமை. வேலைவாய்ப்பு மற்றும் பயிற்சித் துறை 'மின்கம்பியாள் உதவியாளர் தகுதிகாண் தேர்வு' என்று ஒன்றை நடத்துகிறது. 21 வயது நிரம்பியிருக்க வேண்டும். வயரிங் தொழிலில் 5 ஆண்டுக்குக் குறையாத செய்முறை அனுபவம் வேண்டும். மேல் வயது வரம்பே கிடையாது. நாற்பது வயதிலும் எழுதலாம், ஐம்பதிலும் எழுதலாம். அறிவிப்பு செய்தித்தாளின் மாவட்டச் செய்திப் பக்கத்தில் சின்னதாக வரும். அருகிலுள்ள அரசு ஐ.டி.ஐ.யில் போய்க் கேட்டால் விண்ணப்பத்தைப் பற்றிச் சொல்வார்கள். பல ஆண்டு வேலை பார்த்தும், 'எனக்கெல்லாம் எதுக்கு பரீட்சை' என்று ஒதுங்கி நிற்பவர்களைப் பார்த்தால் மனசு கேட்கவில்லை. உங்கள் அனுபவத்தையே தகுதியாக எடுத்துக்கொள்ளும் தேர்வு இது.

கூடவே இன்னொன்றும் செய்யுங்கள். 18 வயது முடிந்தவர்கள் தமிழ்நாடு கட்டுமானத் தொழிலாளர்கள் நல வாரியத்தில் பதிவு செய்துகொள்ளுங்கள். எலக்ட்ரீஷியன் வேலையும் அந்தப் பட்டியலில் இருக்கிறது. விபத்து என்று ஒன்று வந்தால் வீட்டில் இருப்பவர்களுக்குக் கொஞ்சமாவது கைகொடுக்கும்.

சான்று எதற்கு என்று கேட்பவர்களுக்கு

வீட்டில் பல்பு மாற்றுவதற்கும், ஃபேன் மாற்றுவதற்கும், ஃப்யூஸ் போடுவதற்கும், கெட்டுப்போன சுவிட்சை மாற்றுவதற்கும் யாருக்கும் உரிமம் வேண்டியதில்லை. அதைத் தாண்டிய மின் வேலை எதுவானாலும், உரிமம் பெற்ற ஒப்பந்ததாரர்தான் எடுக்க வேண்டும், தகுதிச் சான்று பெற்ற மேற்பார்வையாளரின் கீழ்தான் நடக்க வேண்டும். 1956-ஆம் ஆண்டின் இந்திய மின்சார விதிகளிலேயே இது இருந்தது. மத்திய மின்சார ஆணையம் 2010-இலும் பிறகு 2023-இலும் கொண்டுவந்த பாதுகாப்பு ஒழுங்குமுறைகளிலும் தொடர்கிறது. நம் மாநிலத்தில் இந்தச் சான்றுகளையும் உரிமங்களையும் தருவது மின் உரிமம் வழங்கும் வாரியம், சென்னை கிண்டியில் இருக்கிறது. ஐ.டி.ஐ. முடித்தவர்களும் என்.டி.சி.யோடு நின்றுவிடாமல், அனுபவச் சான்றையும் சேர்த்து அங்கே விண்ணப்பித்து வயர்மேன் தகுதிச் சான்று வாங்கிக்கொள்ள வேண்டும். பலர் விட்டுவிடும் படி இது.

நடைமுறையில் என்ன நடக்கிறது? வேலை செய்தவன் ஒருவன், வயரிங் முடிந்ததும் கொடுக்கும் அறிக்கையில் கையெழுத்துப் போடுபவர் இன்னொருவர். வீட்டையே பார்க்காமல் போடப்படும் கையெழுத்தும் உண்டு. இதனால் வீட்டுக்காரருக்கும் ஆபத்து, வேலை செய்த பையனுக்கும் நஷ்டம். விபத்து நடந்து மின் ஆய்வாளர் வந்து கேட்கும்போது அந்தப் பையன் கையில் எதுவுமே இருக்காது. அவன் உழைப்புக்கு ஒரு பெயர்கூட எங்கும் பதிவாகியிருக்காது.

எந்த வழியில் வந்தாலும் இந்த மூன்றைக் கற்றுக்கொள்ளுங்கள்

முதலாவது, தொடுவதற்கு முன் சோதிப்பது. "மெயின் ஆஃப் பண்ணியாச்சு" என்ற சொல்லை நம்பிக் கையை வைக்காதீர்கள். இன்று வீட்டுக்கு வீடு இன்வெர்ட்டர் இருக்கிறது. மெயினை இறக்கிய அடுத்த நொடி அது சப்ளை கொடுக்க ஆரம்பித்துவிடும். மொட்டைமாடியில் சோலார் இருந்தால், வெயில் இருக்கும்வரை பேனலிலிருந்து வரும் டி.சி. லைன் உயிரோடுதான் இருக்கும். வெறும் நியான் டெஸ்டரை நம்பாமல் மல்டிமீட்டரோ டெஸ்ட் லேம்போ வையுங்கள். முதலில் கரண்ட் இருப்பதாகத் தெரிந்த இடத்தில் வைத்து மீட்டர் வேலை செய்கிறதா என்று பாருங்கள். பிறகு வேலை செய்யப்போகும் இடத்தில் பாருங்கள். மறுபடியும் கரண்ட் இருக்கும் இடத்தில் வைத்துப் பாருங்கள். மீட்டரே நடுவில் செத்துப்போயிருந்தால் இந்த மூன்றாவது சோதனைதான் காட்டிக்கொடுக்கும்.

இரண்டாவது, எர்த். எர்த் வயர் இழுக்கச் சோம்பல்பட்டு, த்ரீ-பின் பிளக்கின் எர்த் முனையை நியூட்ரலோடு சேர்த்துவிடும் வழக்கம் இன்னும் இருக்கிறது. எல்லாம் சரியாக இருக்கும்வரை ஒன்றும் தெரியாது. அந்தப் பிளக்குக்கு வரும் நியூட்ரல் என்றாவது அறுந்துவிட்டால், ஃப்ரிட்ஜுக்குள் போன ஃபேஸ் மோட்டார் வழியாக நியூட்ரலுக்கு வந்து, அங்கிருந்து நேரே ஃப்ரிட்ஜின் பாடிக்கு ஏறிவிடும். கதவைத் திறக்கும் குழந்தையின் கைதான் அதற்கு அடுத்த வழி. இதை ஒருமுறை காகிதத்தில் வரைந்து பார்த்தவன் வாழ்நாளில் அந்த வேலையைச் செய்யமாட்டான்.

மூன்றாவது, ஆர்.சி.சி.பி. ஃபேஸில் போகும் கரண்டும் நியூட்ரலில் திரும்பும் கரண்டும் சமமாக இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே இருப்பது அதன் வேலை. வீடுகளில் போடுவது 30 மில்லி ஆம்பியர். அந்த அளவுக்குக் கரண்ட் வேறு வழியில் கசிந்தாலே இறக்கிவிடும். இரண்டு ஆர்.சி.சி.பி. உள்ள வீட்டில் இதன் நியூட்ரலை அதோடு கலந்துவிட்டால், எந்தக் கசிவும் இல்லாமலே டிரிப் ஆகும். காரணம் தெரியாத பையன் "பீஸ் சரியில்ல" என்று முடிவு கட்டி, அதைத் தாண்டி நேராக வயர் கொடுத்துவிட்டுப் போய்விடுவான். அன்றோடு அந்த வீட்டின் பாதுகாப்பு போனது. கைவேலை சுத்தமாக இருந்தும் 'ஏன்' தெரியாததால் வரும் கேடு இதுதான்.

ஹெல்ப்பராக வந்தவர்கள் இதற்காகப் பெரிய படிப்பு படிக்க வேண்டியதில்லை. ஐ.டி.ஐ. எலக்ட்ரீஷியன் புத்தகங்கள் தமிழிலேயே கிடைக்கின்றன. ஒரு செட் வாங்கி, இரவில் பத்துப் பக்கம் படித்துவிட்டு, மறுநாள் சைட்டில் அதே விஷயம் கண்ணில் படும்போது நின்று பாருங்கள். ஐ.டி.ஐ. மாணவனுக்குக் கிடைக்காத வசதி அது: இரவில் படித்ததை மறுநாளே தொட்டுப் பார்க்கலாம்.

இதற்கு மேல் எங்கே போகலாம்

பெற்றோரின் அடுத்த கவலை, பையன் இதோடு நின்றுவிடுவானோ என்பது. நிற்க வேண்டியதில்லை. பத்தாவதுக்குப் பிறகு இரண்டாண்டு ஐ.டி.ஐ. முடித்தவர்கள் பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேரலாம். டிப்ளமோ முடித்தால் அங்கிருந்து பி.இ. இரண்டாம் ஆண்டு. தமிழ், ஆங்கிலத் தேர்வுகளை மட்டும் எழுதித் தேறினால் ஐ.டி.ஐ. படிப்பைப் பன்னிரண்டாம் வகுப்புக்கு இணையாக்கிக்கொள்ளவும் வழி இருக்கிறது.

வேலையென்று பார்த்தால், மின்வாரியத்தில் கள உதவியாளர் பணிக்கு இந்த டிரேடைத்தான் கேட்கிறார்கள். ரயில்வேயில் உதவி லோகோ பைலட் தேர்வை ஐ.டி.ஐ. எலக்ட்ரீஷியன் எழுதலாம். மொட்டைமாடி சோலாருக்கு மத்திய அரசு 2024-இல் தொடங்கிய சூர்யகர் திட்டத்துக்குப் பிறகு அந்த வேலை தெரிந்தவர்களைத் தேடுகிறார்கள். 'சூர்யமித்ரா' என்ற பயிற்சி அதற்கென்றே இருக்கிறது. வளைகுடா போக நினைப்பவர்கள், சவூதி இப்போது எலக்ட்ரீஷியன்களுக்குத் திறன் தேர்வு வைத்துத்தான் எடுக்கிறது என்பதைத் தெரிந்துகொண்டு, பதிவு பெற்ற ஏஜென்ட் வழியாகவோ தமிழக அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் வழியாகவோ போங்கள்.

எல்லாவற்றையும்விட எனக்குப் பிடித்த வழி, மேற்பார்வையாளர் சான்றுவரை போய், ஒப்பந்ததாரர் உரிமம் எடுத்து, சொந்தக் கையெழுத்தில் வேலை செய்வது. தான் இழுத்த வயருக்குத் தானே பொறுப்பு என்று எழுதிக்கொடுக்கிற நிலை அது.

பெண்பிள்ளைகளைப் பற்றியும் கேளுங்கள் என்று சொல்கிறேன்; யாரும் கேட்பதில்லை. மகளிருக்கென்றே அரசு ஐ.டி.ஐ.க்கள் இருக்கின்றன. பேனல் வயரிங், மோட்டார் வைண்டிங், சோதனைப் பிரிவு ஆகியவற்றில் பெண்கள் பொறுமையாகவும் நேர்த்தியாகவும் வேலை செய்வதைத் தொழிற்சாலைகளில் பார்க்கிறேன். பகலில் வீட்டில் தனியாக இருக்கும் பெண்மணிக்கு ஃபேன் மாட்ட ஒரு பெண் எலக்ட்ரீஷியன் வந்தால் எவ்வளவு நிம்மதி! நம் ஊர்களில் அந்த இடம் காலியாகவே இருக்கிறது.

கடைசியாக என் கூட்டாளிகளுக்கு, அதாவது ஹெல்ப்பர் வைத்து வேலை வாங்கும் எலக்ட்ரீஷியன்களுக்கு ஒரு வார்த்தை. உங்களிடம் ஐந்து ஆண்டாக ஒருவன் இருந்தால், அவன் அனுபவச் சான்றைத் தயங்காமல் எழுதிக்கொடுங்கள். தகுதிகாண் தேர்வு அறிவிப்பு வந்தால் அவனிடம் காட்டுங்கள். தேர்வு நாளன்று கூலி பிடிக்காமல் அனுப்பிவையுங்கள். சான்று வந்துவிட்டால் தனியாகப் போய்விடுவான் என்று பயப்படாதீர்கள். போகட்டும். அவன் போகிற ஊரில் நாலு வீட்டு வயரிங் ஒழுங்காக இருக்கும்.